ஆதாரம் காட்ட வேண்டியது யார்? ஒரு கிறீம் டப்பாவும் நூறு வருச விளம்பர வாக்குறுதிகளும்

போன வருசம் எங்கட வீட்டில ஒரு கல்யாணம் நடந்தது. மூத்த அக்காவுக்கு. நாள் குறிச்சு மூன்று மாசம் இருக்கும்போது முகநூலில் ஒரு கிறீம் விளம்பரம் என் கண்ணில் பட்டது. 7 நாளில் வித்தியாசம் தெரியும், 14 நாளில் நிறம் மாறும், 100% இயற்கை என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரே பெண்ணின் இரண்டு படங்கள். ஒன்று கரண்ட் போன நேரம் எடுத்த மாதிரி, மற்றது ஸ்டூடியோ வெளிச்சத்தில எடுத்த மாதிரி. அதை அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினது நான்தான்.

பார்சல் வந்தது. சின்ன வெள்ளை டப்பா. மேலே ஒரு ஸ்டிக்கர், அதில ஒரு ஆங்கிலப் பெயர், ஒரு பூப்படம். யார் செய்தது, எங்க செய்தது, உள்ளே என்ன இருக்கு, ஒண்டும் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லவேணும்: 7 நாளில வித்தியாசம் தெரிஞ்சதுதான். சித்தி, மாமி எல்லாரும் "பிள்ளைக்குக் கல்யாணக் களை வந்திட்டு" என்று சொன்னார்கள். ஆறாவது கிழமை டப்பா முடிஞ்சு, அடுத்தது வர நாலைஞ்சு நாள் பிந்தினது. அந்த நாலைஞ்சு நாளுக்குள்ள அக்காவின் முகம் சிவந்து, எரிஞ்சு, பரு பருவாப் பொங்கிட்டுது. வெயிலுக்கு முற்றத்தில கூட நிற்க ஏலாது.

தோல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுக்குள்ள என்ன இருக்கெண்டு எங்கயாவது எழுதியிருக்கா?" இல்லை என்றோம். ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். நிறுத்தினவுடன் முகம் இப்படிக் கிளம்புவது அதற்கு ஒரு அடையாளமாம்.

திரும்பி வரும்போது ஓட்டோவில அக்கா சொன்னாள்: "நான்தானே விசாரிக்காமப் பூசினேன். என்ட பிழைதான்."

அந்த வசனம் எனக்குள்ள கிடந்து குடைஞ்சது. நான் வரலாறு படிக்கிறவள். ஒருத்தர் ஒரு பொருளைப் பற்றி ஒன்றைச் சொல்லி விற்கிறார். அது உண்மை என்று காட்ட வேண்டியது யார், விற்றவரா, வாங்கினவரா? எங்கட வீட்டில இதற்குப் பதில் கேட்காமலேயே வந்திட்டு: வாங்கினவள்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. அதைத் தேடிப் படிச்சதில் விளங்கினதை இங்கே எழுதுகிறேன்.

கப்பலில் வந்த சவர்க்காரம்

சவர்க்காரத்தில் இருந்து தொடங்குவோம். நவீன விளம்பரத்தின் அகரவரிசையைக் கற்றுக்கொடுத்த பொருள் அதுதான்.

லண்டனில் 1807ல் தொடங்கின பியர்ஸ் சவர்க்காரம், 1880களில் லில்லி லாங்ட்ரி என்ற பிரபல நடிகையைத் தன் விளம்பரத்தில் கொண்டு வந்தது. ஒரு அழகான பெண் "நான் இதைத்தான் பாவிக்கிறேன்" என்றால் போதும், அதுவே சாட்சி. சவர்க்காரம் அவவை அழகாக்கினதா, அவ முதலே அழகா என்று யாரும் கேட்கவில்லை.

1899ல் அதே நிறுவனத்தின் இன்னொரு விளம்பரம் அமெரிக்கச் சஞ்சிகையில் வந்தது. வெள்ளைச் சீருடை போட்ட ஒரு கடற்படை அதிகாரி கப்பல் அறைக்குள் கை கழுவுகிறார். சுற்றிவரச் சின்னப் படங்கள்: கடலில் கப்பல்கள், கரையில் இறக்கப்படும் பெட்டிகள், ஒரு மூலையில் முழங்காலில் இருக்கும் ஒரு கறுத்த மனிதருக்குச் சவர்க்காரம் கொடுக்கும் வெள்ளையர். உலகத்தின் இருண்ட மூலைகளுக்கு வெளிச்சம் கொண்டுபோவது இந்தச் சவர்க்காரம் என்பதுதான் எழுத்தின் சாரம்.

இந்தப் படத்தைத் திருகோணமலையில் இருந்து பார்க்கிறது வேற மாதிரி இருக்கும். உள்துறைமுக வீதியில் நின்றால் தெரிகிற தண்ணீர், 1957 ஒக்டோபர் வரைக்கும் பிரித்தானியக் கடற்படையின் தளம். 1942ல் சிங்கப்பூர் விழுந்த பிறகு அவர்களுக்கு இந்தத் துறைமுகம் இன்னும் முக்கியமாகி, அந்த வருசம் ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் வந்து குண்டு போட்டார்கள். அந்த விளம்பரத்தில் இருக்கிற கப்பலும், வெள்ளைச் சீருடையும், கரையும் எங்களுக்குக் கற்பனை இல்லை. முழங்காலில் இருக்கிற ஆளாக விளம்பரம் வரைந்தது எங்கட பாட்டன் பூட்டன் மாதிரியான ஆட்களை.

கவனிச்சுப் பாருங்க. அந்த விளம்பரம் இரண்டு விசயம் சொல்லுது. ஒன்று, இந்தச் சவர்க்காரம் அழுக்கைப் போக்கும். அதைச் சோதிச்சுப் பார்க்கலாம், சரியாகவும் இருக்கும். இரண்டாவது, கறுப்பு ஒரு குறை, வெளுப்பு ஒரு உயர்வு. இதை யாரும் வசனமாகச் சொல்லவில்லை, படம் சொன்னது. படத்திடம் ஆதாரம் கேட்க அன்றைக்குச் சட்டம் இருக்கவில்லை.

இலங்கையில் லீவர் பிரதர்ஸ் 1938ல் தொடங்கினது. 1941ல் உள்ளூர் நிறுவனமாகச் சுதேசி வந்தது. ராணி சந்தனச் சவர்க்காரமும் கொஹொம்ப என்ற வேப்பஞ் சவர்க்காரமும் அவர்களுடையது, எங்கட அம்மம்மாவின் குளியலறையில் இப்பவும் இருக்கிறவை. அதே 1941ல் இந்தியாவில் லக்ஸ் விளம்பரத்துக்கு முதல் இந்திய நட்சத்திரமாக லீலா சிட்னிஸ் வந்தார். லாங்ட்ரிக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் சாட்சி அதே சாட்சிதான்: நடிகை சொல்கிறார், நம்பு.

காற்றில் வந்த குரல்

அடுத்த கட்டம் எங்கட நாட்டுக் கதை. 1950ல் இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கினது. யுத்த காலத்தில் படையினருக்காகக் கொழும்பில் நிறுவின பலமான ஒலிபரப்பி பிறகு இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. அதனால் சிற்றலையில் இந்தியா முழுக்கக் கேட்டது. 1952ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்தபோது, பாட்டுக் கேட்கிற சனம் முழுக்க ஊசியைக் கொழும்புப் பக்கம் திருப்பினது. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டிலும் வீட்டுக் குரலாகினது. இந்தியில் அமீன் சயானி நடத்தின பாட்டு வரிசை நிகழ்ச்சிக்குப் பெயரே பினாக்கா கீத்மாலா. பினாக்கா என்பது பற்பசை.

அகில இந்திய வானொலியில் விளம்பரம் வந்தது 1967ல்தான். அதுவரைக்கும் பல இந்திய வீடுகளுக்குச் சவர்க்காரத்தையும் பற்பசையையும் முகப்பவுடரையும் காற்றில் கொண்டுபோனது எங்கட வானொலி. அப்பப்பா காலத்து ஆட்கள் இன்றைக்கும் அந்த விளம்பரப் பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்லுவார்கள்.

வானொலி விளம்பரத்தில் படமும் இல்லை, லேபலும் இல்லை. பழகின, பிடிச்ச குரல் ஒன்று மட்டும்தான். பாட்டுக்கு நடுவில அந்தக் குரல் ஒன்றைச் சொன்னால், அதை விசாரிக்க மனம் வராது. இப்ப நாங்க பின்தொடர்கிற யூடியூப் அக்காமார் "கைஸ், நான் டெய்லி யூஸ் பண்றது இதுதான்" என்று சொல்லும்போது நடக்கிறதும் இதேதான்.

சின்ன வசனமும் பெரிய வசனமும்

1975ல் இந்துஸ்தான் லீவர் இந்தியாவில் ஃபெயார் அண்ட் லவ்லியை அறிமுகப்படுத்தினது. தென்னிந்தியாவில்தான் முதலில் விற்றுப் பார்த்தார்கள். பிறகு இலங்கை உட்படப் பல நாடுகளுக்கு வந்தது. எங்கட மத்திய வீதிக் கடைகளில் அது இல்லாத கண்ணாடி அலுமாரியை நான் சின்ன வயசில் கண்டதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக இருக்கவேணும். "எல்லாம் சுத்தப் பொய்" என்று எழுதினால் சுலபம். ஆனால் அது சரியில்லை. அந்தக் கிறீமின் முக்கியமான பொருள் நியாசினமைட், அதாவது விற்றமின் பி3இன் ஒரு வடிவம். தோலில் நிறமி செய்கிற கலங்கள் அதைச் சின்னச் சின்னப் பொதிகளாக்கி மேல் கலங்களுக்குக் கடத்தும். நியாசினமைட் அந்தக் கடத்தலை மெதுவாக்கும். 2002ல் பிரித்தானியத் தோல் மருத்துவச் சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. வேறொரு பெரிய அழகுசாதன நிறுவனத்தோடு சேர்ந்த ஆய்வாளர்கள் செய்தது. முகத்தில் கரும்படலம் இருந்த 18 பெண்கள், 5% நியாசினமைட் சேர்த்த கிறீமையும், அது மட்டும் இல்லாத அதே கிறீமையும் ஒப்பிட்டுப் பூசினார்கள். வெயிலில் கறுத்த 120 பெண்களிடம் வேறொரு சோதனை. நாலு கிழமையில், நியாசினமைட் இல்லாததை விட இருந்ததில் படலம் குறைஞ்சு, தோல் கொஞ்சம் வெளிச்சமாகினது.

"அது மட்டும் இல்லாத அதே கிறீம்" என்பது ஏன் முக்கியம்? வெறும் ஈரப்பதக் கிறீம் பூசினாலே காய்ந்த தோல் பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச்சைக் கழிச்சால்தான் உண்மையில் வேலை செய்தது எது என்று தெரியும். ஆதாரம் என்றால் இதுதான்: எதோடு ஒப்பிட்டாய், எத்தனை பேரில், எத்தனை நாள், எதால் அளந்தாய்.

ஆக, சோதனைக்கூடத்தால் நிரூபிக்கக்கூடிய வசனம் இது: "இந்தச் சதவீதத்தில் இந்தப் பொருளைச் சில கிழமை பூசினால் கரும்படலம் ஓரளவு குறையலாம்." இது சின்ன வசனம். தொலைக்காட்சியில் விற்றது வேற வசனம். 2000களின் தொடக்கத்தில் வந்த ஒரு விளம்பரத்தில், ஒரு மகன் இல்லையே என்று அப்பா கவலைப்படுகிறார். மகள் கிறீம் பூசி, நிறம் மாறி, விமானப் பணிப்பெண்ணாகிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறாள். நிறம் மாறினால் வேலை வரும், அப்பாவின் மதிப்பு வரும் என்பது பெரிய வசனம். எந்தச் சோதனைக்கூடத்திலும் இதை நிரூபிக்க ஏலாது.

அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் பிடிச்சது இந்தப் பெரிய வசனத்தைத்தான். அவர்களின் முறைப்பாடுகளுக்குப் பிறகு 2003ல் அந்த விளம்பரம் நின்றது. 2009ல் சென்னையில் 'விமன் ஒஃப் வேர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கினது. 2014ல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் ஒரு வழிகாட்டி போட்டது: கறுத்த தோலுள்ளவர்களை அழகில்லாதவர்களாகவோ, சோகமானவர்களாகவோ, வேலையிலும் கல்யாணத்திலும் பின்தங்கினவர்களாகவோ காட்டக்கூடாது, படத்தைத் திருத்திப் பலனைப் பெருப்பிக்கக்கூடாது. 2016 அளவில் அமெரிக்காவில் படிச்ச இரண்டு தமிழ்ச் சகோதரிகளின் படங்களோடு 'அன்ஃபெயார் அண்ட் லவ்லி' என்ற ஹாஷ்டாக் உலகம் சுற்றினது. கடைசியில், 2020 ஜூன் மாசம், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உலகத்தை உலுக்கின நேரத்தில், யூனிலீவர் வெண்மை, சிவப்பழகு போன்ற சொற்களை எடுப்பதாக அறிவிச்சது. ஜூலையில் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' ஆகினது.

45 வருசம் எடுத்திருக்கு. அதுவும் பெயரில் ஒரு சொல் மாற. சொல்லை எடுத்தவர்கள் பெரிய வசனத்தையும் எடுத்தார்களா என்று அடுத்த தரம் விளம்பரம் பார்க்கும்போது நீங்களே பாருங்க.

வெயிலில் எரிந்த தோலும் 1972உம்

சரி, சின்ன வசனத்துக்கு ஆதாரம் கேட்கும் பழக்கம் எப்ப வந்தது?

அமெரிக்காவில் 1906ல் உணவு, மருந்துச் சட்டம் வந்தபோது அழகுசாதனம் அதற்குள் இல்லை. 1933ல் லாஷ் லூர் என்ற கண்மயிர்ச் சாயம் போட்ட ஒரு பெண்ணின் கண் பார்வை போனது. அரசாங்கத்தால் அந்தப் பொருளைச் சந்தையில் இருந்து எடுக்க ஏலவில்லை, சட்டம் இல்லை. 1938ல்தான் அழகுசாதனங்களும் சட்டத்துக்குள் வந்தன. அதே வருசம் பொய் விளம்பரங்களைப் பிடிக்கும் அதிகாரம் மத்திய வர்த்தக ஆணைக்குழுவுக்குக் கூடினது.

ஆனாலும் ஒரு ஓட்டை இருந்தது. விளம்பரம் பொய் என்று ஆணைக்குழுதான் நிரூபிக்கவேணும். அதற்குப் பரிசோதனை, நிபுணர்கள், வருசக்கணக்கில் காசு. நிறுவனம் சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம்.

இதை மாற்றினது வெயிலில் எரிந்த தோலுக்குப் பூசுகிற ஒரு மருந்து. பைசர் நிறுவனத்தின் 'அன்பேர்ன்'. அது எரிந்த தோலின் நரம்புகளை மரக்கச் செய்யும் என்று விளம்பரம் சொன்னது. ஆணைக்குழு கேட்டது: இதைச் சொல்ல முதல் நீங்க சோதிச்சீங்களா? நிறுவனம், உள்ளே இருக்கிற பொருட்களைப் பற்றி மருத்துவ உலகத்துக்கு ஏற்கெனவே தெரியும்தானே என்றது. 1972ல் தீர்ப்பு வந்தது. பைசருக்கு எதிரான முறைப்பாடு தள்ளுபடியாகினது, நிறுவனம் தப்பினது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு விதியை விட்டுட்டுப் போனது: ஒரு பொருள் இன்னதைச் செய்யும் என்று சொல்லும் ஆள், சொல்ல முதலே அதற்கு நியாயமான ஆதாரம் கையில் வைத்திருக்கவேணும். ஆதாரம் இல்லாமல் சொல்வதே தவறு, பிறகு அது தற்செயலாக உண்மையாக இருந்தாலும்.

இதை வாசிச்ச அன்றைக்கு நான் எழும்பி நடந்தேன். "அக்கா விசாரிச்சிருக்கவேணும்" என்ற எங்கட வீட்டுத் தீர்ப்பை 1972லேயே ஒரு ஆணைக்குழு தலைகீழாக்கியிருக்கு. அவர்களின் நியாயம் எளிமையானது. ஒரு போத்தல் வாங்குகிற ஆளால் சோதனைக்கூடம் வைக்க ஏலாது. விற்கிறவரால் ஏலும். ஒரு தரம் சோதிச்சால் எல்லாப் போத்தலுக்கும் போதும்.

ஐரோப்பா இதை இன்னும் இறுக்கினது. 2009ஆம் ஆண்டின் அழகுசாதன ஒழுங்குவிதிப்படி, ஒவ்வொரு பொருளுக்கும் பொறுப்பான ஒரு ஆள் இருக்கவேணும். பாதுகாப்பு அறிக்கையோடு, சொல்கிற பலனுக்கான சான்றையும் ஒரு கோப்பில் வைக்கவேணும். கடைசித் தொகுதி சந்தைக்கு வந்து 10 வருசம் வரைக்கும் அந்தக் கோப்பு இருக்கவேணும். 2013ல் விளம்பரக் கூற்றுகளுக்கென்று ஆறு பொது அளவுகோல்கள் வந்தன: சட்டத்துக்கு அமைவு, உண்மை, சான்று, நேர்மை, நியாயம், வாங்குபவர் விளங்கி முடிவெடுக்க உதவுதல்.

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. வசனத்தைச் சின்னதாக்கக் கற்றுக்கொண்டார்கள். "சுருக்கத்தைக் குறைக்கும்" என்பது "சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்கும்" ஆகினது. "80% வரை" என்பதில் 'வரை' என்ற சொல்லுக்குள் 5 வீதமும் அடங்கும். "10 பெண்களில் 9 பேர் ஒப்புக்கொண்டார்கள்" என்பதற்குப் பக்கத்தில ஒரு குட்டி நட்சத்திரம் இருக்கும், அடியில் எறும்பு எழுத்தில் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று இருக்கும். ஒப்புக்கொண்டது வேற, கருவியால் அளந்தது வேற. அந்த நட்சத்திரத்தைத் தேடி வாசிக்கிறது இப்ப எனக்கு ஒரு விளையாட்டாகிட்டு.

79 ரூபாக் கிறீம்

பக்கத்து நாட்டில், ஒரு தனி ஆள் இதைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கு. 2005ல் எமாமி நிறுவனம் ஆண்களுக்கென்று 'ஃபெயார் அண்ட் ஹான்ட்சம்' கொண்டு வந்தது. டெல்லியில் ஒரு இளைஞர் 79 ரூபாய் கொடுத்து வாங்கி, சொன்னபடி பூசி, நிறம் மாறவில்லை என்று 2013ல் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். ஒரு உத்தரவு வந்து, மேன்முறையீட்டில் ரத்தாகி, திரும்ப முதலில் இருந்து விசாரணை. விசாரணையில் நிறுவனம் சொன்னது: பலன் வேணுமென்றால் சத்தான சாப்பாடு, உடற்பயிற்சி, சுத்தமான பழக்கவழக்கமும் சேர்ந்து இருக்கவேணும். 2024 டிசம்பரில் மன்றம், இதெல்லாம் பெட்டியில் எழுதவில்லையே என்று சுட்டிக்காட்டி, 14.5 லட்சம் ரூபாய் செலுத்தச் சொன்னது.

79 ரூபாய்க்கு 11 வருசம். அவர் வென்றார் என்று சந்தோசப்படுறதா, இவ்வளவு காலம் எடுத்ததே என்று கவலைப்படுறதா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கட வீட்டில யாருக்கும் 11 வருசம் நீதிமன்றம் ஏற வசதி இல்லை.

எங்கட சட்டம், எங்கட டப்பா

இலங்கையில் என்ன இருக்கு? 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அழகுசாதனம், மருத்துவ சாதனம், மருந்து மூன்றையும் ஒன்றாகப் பார்த்தது. 2015ல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை வந்தது. பெயர் சொல்வது போல அதன் கண் மருந்தில். பொதுவாக எல்லாப் பொருளுக்கும் பொருந்துவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அதன் 30ஆம் பிரிவு வாங்குபவரைப் பிழையாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்குது. 31ஆம் பிரிவு பொய்யான கூற்றுகளைத் தடுக்குது. நல்ல பிரிவுகள்தான். ஆனால் ஐரோப்பிய விதியோடு வைத்துப் பாருங்க. எங்கட பிரிவுகள் "பொய் சொல்லாதே" என்குது. அங்கே, "சொல்ல முதல் ஆதாரத்தைக் கோப்பில் வை" என்குது. இரண்டுக்கும் நடுவிலதான் எங்கட அக்காவின் முகம் எரிஞ்சது.

13ஆம் பிரிவில் முறைப்பாடு பற்றி இருக்கு. எழுத்தில் கொடுக்கவேணும், பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள். நான் இதை வாசிச்சபோது கல்யாணம் முடிஞ்சு போச்சு, மூன்று மாதமும் தாண்டிட்டு. தாண்டியிருக்காவிட்டாலும் யாருடைய பெயரை எழுதுறது? டப்பாவில் பெயரில்லை, முகநூல் பக்கம் காணாமல் போயிட்டு. உங்களுக்கு இப்படி நடந்தால் பிந்த வேண்டாம். டப்பா, ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட் மூன்றையும் வைத்திருங்க. அதிகாரசபையின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1977.

இன்னொன்றும் சொல்லவேணும். பெரிய நிறுவனங்களின் விளம்பரம் பெரிய வசனத்தை வீடு வீடாக விதைச்சது. இப்ப அறுவடை செய்யிறது பெயரில்லாத டப்பாக்காரர்கள். இவர்களின் கிறீம் வேலை செய்யாததல்ல பிரச்சினை. வேகமாக வேலை செய்யிறதுதான் பிரச்சினை. பாதரசம் நிறமி உருவாவதைத் தடுக்கும், அதோடு சிறுநீரகத்தையும் பாதிக்கும். அதனால்தான் மினமாட்டா உடன்படிக்கை முதலில் 1 கிலோ கிறீமில் 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கூடாது என்றது. 2023ல், பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் 2025க்குப் பிறகு கூடாது என்று முடிவெடுத்தார்கள். இலங்கை 2017ல் அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடு. பலமான ஸ்டீரொயிட்டும் அப்படித்தான், சில நாளில் பளிச்சென்று காட்டும், பிறகு தோலை மெலிதாக்கும். "7 நாளில்" என்ற வாக்குறுதியை உண்மையாக்கக்கூடிய பொருட்கள், பூசக்கூடாத பொருட்கள். பலனுக்கு மட்டும் ஆதாரம் கேட்டால் போதாது என்று எனக்கு விளங்கினது இங்கேதான். உள்ளே என்ன இருக்கு, யார் பொறுப்பு என்ற கேள்வி முதலில் வரவேணும்.

அக்காவின் முகம் இப்ப பரவாயில்லை. கல்யாணத்தன்று பிரைடல் செய்த அக்கா இரண்டு மணித்தியாலம் எடுத்து எல்லாத்தையும் மூடினா. படங்களில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த அல்பத்தை அக்கா அவ்வளவாகத் திறக்கிறதில்லை.

போன மாசம் எங்கட மச்சாள்மார் வட்ஸ்அப் குழுவில் இன்னொரு கிறீம் விளம்பரம் வந்தது. 5 நாள் என்று போட்டிருந்தது. நான் எழுத முதலே அக்கா அந்த விற்கிறவருக்கு நேரடியாக ஒரு செய்தி போட்டாள்: "இதில என்னென்ன சேர்த்திருக்கு? எங்க செய்தது? சோதிச்ச அறிக்கை இருக்கா?"

நீலக் கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"நம்பிக்கை இருந்தா எடுங்க சிஸ். இல்லாட்டி விடுங்க."

அக்கா அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குழுவில் போட்டாள். கீழே ஒரு வரி எழுதினாள்: "ஆதாரம் கேட்டதுக்கு வந்த பதில் இது. இனி உங்கட விருப்பம்." அன்றைக்கு எங்கட குழுவில் யாரும் அந்தக் கிறீமை எடுக்கவில்லை.